இருப்பு ஒன்பது

ஜுபைல், பதினாலாம் நம்பர் கேம்ப்.
கிளினிக் என்பது ஏசி உறுமும் ஒரு போர்ட்டா கேபின்.
ரத்தம் எடுப்பவர் வேறு, மருந்து தருபவர் வேறு.
எண்ணுவது மட்டும் என் வேலை.

வந்த புதிதில் டாக்டர் இக்லாஸ் கேட்டார்,
எத்தனை பேருக்குக் கிட்னி கெட்டிருக்கிறது?
முப்பத்தொன்று என்றேன்.
இருப்பதைச் சொல்கிறாய்,
இந்த மாதம் புதிதாய்க் கெட்டது எத்தனை?
அவருடைய சூடான் அரபி, என் அரைகுறை இந்தி,
நடுவில் ஒரு கால்குலேட்டர்.

பத்து வருஷம் மளிகை மண்டியில் கணக்கெழுதிய கை.
அந்த வழியில்தான் எனக்குப் பிடிபட்டது.
வரவு:
போன மாதச் சோதனையில் தேறி
இந்த மாதம் கால் வீங்கி வந்தவன்.
இருப்பு:
இன்றைய தேதிக்கு வீங்கிய கால்கள் மொத்தம்.
வரவுக்கு வேகம் உண்டு.
இருப்பு வெறும் போட்டோ,
யார் எப்போது வந்து நின்றார்கள் என்று அதில் தெரியாது.

டைம்கீப்பர் ஹபீபுல்லா ஆள்-மணி எண்ணுகிறார்.
டாக்டர் ஆள்-மாதம் எண்ணுகிறார்.
ஒரே பெருக்கல்தான்.
ஒன்று சம்பளத்துக்கு,
ஒன்று சிறுநீரில் இறங்கும் புரதத்துக்கு.

நடுவே செலவு என்று ஒரு பத்தி இருக்கிறது.
நோய்க்கணக்கில் செலவாக இரண்டு வழியாம்,
தேறுவது, சாவது.
எங்களிடம் மூன்றாவதும் உண்டு.
தம்மாமிலிருந்து இரவு ஒன்றேகாலுக்குப் புறப்படுகிறது.

ஜூனில் வரவு பன்னிரண்டு, செலவு இருபது.
ஜூலையில் வரவு பதினாலு, செலவு இருபத்தைந்து.
ஆகஸ்டில் பதிமூன்று வந்தார்கள்,
பதினாறு பேர் போனார்கள்.
இருப்பு ஒன்பது.

மூன்று மாதத்தில் முப்பத்தொன்றை ஒன்பதாக்கினோம் என்று
சேஃப்டி மேனேஜர் கேக் வெட்டினார்.
பச்சை க்ரீம். எனக்கும் ஒரு துண்டு.
டாக்டர் தன் துண்டைத் தொடவில்லை,
வரவைக் கேள் என்று என்னைப் பார்த்தார்.
நான் தின்றுகொண்டிருந்தேன்.

வரவு எங்கே குறைந்தது?
மதியத் தடை மூன்று மணிக்கு முடியும்போது
கம்பி இன்னும் தோலை உரிக்கிற சூட்டில் இருக்கும்.
தண்ணீர் கேன் சாரத்தின் அடியில்.
பதினோராம் தட்டிலிருந்து இறங்கினால் இருபது நிமிஷம்.
குடித்தால் பிறகு ஒன்றுக்கு இறங்க வேண்டும்,
அதற்கொரு இருபது நிமிஷம்.
அதனால் குடிப்பதில்லை.

செலவு என்ற சொல்லுக்குப் போதல் என்று பழைய பொருள்.
பொருள் தேடப் புறப்பட்டவன்
வாசலில் தயங்குவதைச் செலவழுங்கல் என்றார்கள்.
திரும்பிப் போகத் தயங்குவதற்கு
என்ன பெயர் வைத்தார்களோ.
சவரிமுத்து கிளினிக் வாசலில் நின்றான்,
எக்சிட் தாளை மடிக்காமல் விரல்நுனியில் பிடித்தபடி.
கடன் அடைய இன்னும் எட்டு மாதம் இருந்தது.

போன வெள்ளிக்கிழமை கூப்பிட்டான்,
ராமநாதபுரம், டயாலிசிஸ் வார்டு.
இங்க நாலு பேரு நம்ம கேம்ப்புண்ணே,
கையப் பாத்தே தெரிஞ்சிக்கிட்டோம்,
முழங்கைக்குக் கீழதான் கறுப்பு.
டாக்டரு எங்க ஊர்க் கெணத்துத் தண்ணிய எடுத்து
டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காரு.

அவன் சிரித்தானா இருமினானா என்று தெரியவில்லை.
இங்கே முளைத்த வரவு
அங்கே இருப்பில் ஏறியிருக்கிறது.
எந்த ஏட்டிலும் இரண்டும் ஒரே பக்கத்தில் இல்லை.

செப்டம்பருக்குப் புதுப் பக்கம் திருப்பினேன்.
முன்பக்க இருப்பு ஒன்பது என்று பேனாவால்.
ஓரத்தில், பத்தியே இல்லாத இடத்தில்,
அறுபத்தொன்று என்று பென்சிலால்.

வெளியே பஸ் வந்து நின்றது.
நாற்பத்துநாலு பேர், எல்லோருக்கும் நல்ல கிட்னி.
பின்னத்தின் அடியில் போய் உட்காரும் எண்கள்,
இவர்கள் இறங்க இறங்கவே
எங்கள் சதவீதம் இன்னும் குறையும்.

ஒரு பையன் மட்டும் பெட்டியை இறக்காமல் கேட்டான்,
தண்ணி எங்கண்ணே இருக்கு?
கீழே, என்றேன்.